கடைசித் துடைப்பு

சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்காதீர்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இது என் தொழில் பழக்கம். இப்போது வருகிற மூக்குக்கண்ணாடிகளில் கண்ணாடியே கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக்தான். அதோ குழாய். முதலில் தண்ணீரில் காட்டுங்கள், தூசி தானாக இறங்கிவிடும். ஒரு சொட்டு சோப்பு, மறுபடியும் தண்ணீர், அதற்கப்புறம்தான் துணி. அடுப்படித் துணி வேண்டாம். இதை எடுத்துக்கொள்ளுங்கள், துவைத்தது.

உட்காருங்கள். அந்தப் பதிவுக் கருவி ஓடட்டும். டீயில் பால் கொஞ்சம்தான் ஊற்றியிருக்கிறேன்.

நீங்கள் நீல் ஹாட்டியின் மரணத்தை விசாரிக்க வந்தவர். அது உங்கள் வேலை, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நீங்கள் வந்த முதல் நாளிலிருந்தே என் கணவர் டாரிலின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கே அது தெரிந்திருக்கிறது. "அந்த ஆளு என் மூஞ்சியப் பாத்துப் பேசவே மாட்டேங்குறான், ஏவ்ரில். கையவே பாக்குறான்" என்றார். இன்று உங்கள் வண்டி கேட்டில் நுழைந்ததும் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். வரமாட்டார். நீங்கள் என்னோடுதான் பேச வேண்டும்.

உள்ளே இழுப்பறைகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்கிறதல்லவா. அது என் மகள் கீலி. துணி எடுத்து வைக்கிறாள். கேலம் என்கிற ஆள் மெல்பர்னிலிருந்து அவளை அழைத்துப்போக வந்துகொண்டிருக்கிறான். அவன் வருவதற்குள் நான் சொல்லி முடித்துவிட்டால் நல்லது.

எங்கள் பக்கத்தில் வண்டியின் முன்கண்ணாடி உடைந்தால் என்னிடம்தான் வருவார்கள். இந்த விம்மெரா வட்டாரத்தில் பாதிச் சாலை சரளைக் கல். கோதுமை லாரி ஒன்று எதிரே வந்தால் போதும், ஒரு கல் தெறித்து எனக்கு வேலை வந்துவிடும். டாரில் தகரமும் பெயின்டும் பார்ப்பார், நான் கண்ணாடி பார்ப்பேன். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். ஒருவர் வேலையில் ஒருவர் கை வைத்ததில்லை.

டாரில் ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் கார்ப் பந்தயத் தடத்தில் ஓட்டியவர். பெரிய ஓட்டக்காரர் என்று சொல்ல முடியாது. கீலியை முதன்முதலாக அந்தப் பழைய இரண்டு கதவு வண்டியில் உட்காரவைத்து அவள் தடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததைப் பார்த்த பிறகு, தன் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினார். மறுபடி எடுக்கவில்லை. அவள் பிரேக் மிதிக்கும் இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடும். எல்லோரும் மிதித்து முடித்த பிறகுதான் அவள் மிதிப்பாள். சைலோ வளைவு என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் போய்ப் பார்த்தீர்கள், பெரிய தானியக் குதிர்களுக்கு எதிரே நேராக மேற்கு பார்த்துப் போய் வலதுபக்கம் திரும்புவது. அங்கே நல்ல நல்ல ஆண் ஓட்டுநர்களே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்குவார்கள். என் பெண் தூக்கமாட்டாள். இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

கேலம் போன கோடையில் வந்தான். வேலியோரம் தொப்பி இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். நம் வெயிலில் தொப்பி போடாமல் நிற்கிற ஆள் மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நாங்கள் கையில் பிடித்துக் கடிக்கிற இறைச்சி அடைத்த பன்னை அவன் முள்கரண்டியால் சாப்பிட்டான். அவன் என்ன சொன்னாலும் கீலி சிரித்தாள். அவனுக்கு மெல்பர்னில் ஒரு பந்தயக் குழு இருக்கிறதாம். இந்த வருடம் வட்டாரக் கோப்பையை ஜெயித்தால் அவளுக்கு அங்கே ஒரு இடம் என்றான்.

அதற்குப் பிறகு வீட்டில் சில மாற்றங்கள். கீலியின் போன் சாப்பாட்டு மேசையில் எப்போதும் குப்புறக் கிடந்தது. நான் ஷெட்டுக்குள் நுழைந்தால் அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல மா. கியர் பெட்டி பத்தி."

டாரில் கியர் பெட்டியைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அடுத்த பண்ணை வரைக்கும் கேட்கும். அவளுடைய கட்டிலின் கீழ் புதிதாக ஒரு பெட்டி இருந்தது. காலியாகத்தான் இருந்தது. பெருக்கும்போதெல்லாம் இழுத்துப் பார்ப்பேன்.

அவள் பந்தய வண்டியின் முன்கண்ணாடியை மாற்றலாம் என்ற யோசனை கேலமுடையது. வண்டியின் மூக்கு கனமாக இருக்கிறதாம். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் கீலி ஆரம்பித்தாள்.

"கண்ணாடிய எடுத்துட்டு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் போட்டா பாதி எடை போயிரும் மா."

"கண்ணாடி கீறாது."

"கண்ணாடி கல்லு பட்டா சிலந்தி வலை மாதிரி ஆயிரும். இது சுத்தியால அடிச்சாலும் உடையாதாம்."

"உடையாது. கீறும்."

"கீறாம நீ பாத்துக்க மாட்டியா?" என்றார் டாரில். "இந்த ஜில்லாவுலயே ஒன்ன விட யாரு இருக்கா?"

அவருக்குப் புகழத் தெரியும், காரியம் ஆக வேண்டும் என்றால். மறுநாள் ஷெட்டில் இருவரும் ஒரு துண்டுத் தகட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சுத்தியலால் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் அடிக்கச் சொன்னார்கள். எனக்கு வேலை இருந்தது.

நான் கடைசி வரைக்கும் கண்ணாடிதான் என்று சொன்னேன். பந்தயக் கிளப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். வண்டிகளைச் சோதித்துப் பச்சை வில்லை ஒட்டுகிற நெவ் கிழவர், "ஏவ்ரில் சொல்றதக் கேளுங்கடா, அவ வாயத் தொறக்கறதே வருஷத்துக்கு ஒரு வாட்டி" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தார். விபத்துக்குப் பிறகு ஊரில் அதைத்தான் பேசுகிறார்கள். ஏவ்ரில் அப்பவே சொன்னா, டாரில்தான் கேக்கல. கடையில் ரொட்டி எடுக்கும்போதுகூட யாராவது என் தோளைத் தொட்டுச் சொல்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

ஆனால் அதைப் பொருத்தியது நான்தான், நன்றாகப் பொருத்தினேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். அந்தத் தகடு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால் போல்ட்டைவிடப் பெரிதாகத் துளை போட வேண்டும், ரப்பர் வாஷர் வைக்க வேண்டும், கையால் முடுக்கி அத்தோடு விட்டுவிட வேண்டும். அவசரக்காரர்கள் இறுக்கிவிடுவார்கள், துளையிலிருந்து விரிசல் ஓடும். காற்றில் உள்ளே அமுங்காமல் இருக்க நடுவில் இரண்டு பட்டைகள் வைத்தேன். கீறல் தாங்குகிற பூச்சுப் போட்ட தகடும் உண்டு. அதை எங்கள் வண்டியின் வளைவுக்கு வளைத்தால் பூச்சு வெடிக்கும், அதனால் பூச்சில்லாததைத்தான் வாங்கினோம். நெவ் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இதுல தாளம் போடலாம் கண்ணு" என்று வில்லையை ஒட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கே டாரிலையும் கீலியையும் நிற்கவைத்துச் சொன்னேன். இதை யாரும் தொடக்கூடாது. பெட்ரோல் துணி, தின்னர், ஜன்னல் துடைக்கிற நீலத் தண்ணீர், எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பூச்சி அப்பினாலும் என்னைக் கூப்பிட வேண்டும். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தகட்டை என்னைத் தவிர வேறு யாரும் துடைத்ததில்லை. டாரில் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன்.

வெட்டியெடுத்ததில் மிஞ்சிய ஒரு துண்டு என்னிடம் இருந்தது. புத்தகம் அளவு இருக்கும். இதோ இந்தச் சன்னல், மேற்குப் பார்த்தது. ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிவிட்டு நிற்கும்போது அந்தத் துண்டைத் துடைத்துப் பார்த்தேன். ஷெட் தூசி பட்ட ஒரு உலர்ந்த துணி, கொஞ்சம் அழுத்தி, வட்டமாக. விளக்கில் காட்டினால் ஒன்றுமே தெரியவில்லை. புதிது மாதிரி இருந்தது. அதையே சூரியனுக்கு நேராகப் பிடித்தபோது துண்டு முழுவதும் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சூரியன் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக வெளிச்சம். தண்ணீர்த் தொட்டி, வேலி, அந்தப் பெரிய மரம், எதுவும் இல்லை. கையை இறக்கினால் எல்லாம் திரும்பி வந்தது. ஏற்றினால் மறுபடியும் போனது.

இன்னும் கொஞ்சம் துடைத்துப் பார்த்தேன். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு மறையும் என்று ஒரு ஆர்வம்தான். கீலி உள்ளே வந்து ஆப்பிள் எடுத்தாள்.

"என்னம்மா பண்ற?"

"துடைக்கிறேன்."

"துடைச்சதையே எத்தன வாட்டி துடைப்ப? ஒனக்கு வேற பொழுதுபோக்கே இல்லையா?"

என் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆப்பிளைக் கடித்துக்கொண்டே போனாள். போன் பேசப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு, வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அன்றைய கடைசிப் பந்தயத்துக்கு வண்டிகள் வரிசையில் நிற்கும்போது, ஓட்டுபவரின் வீட்டு ஆள் ஒருவர் போய் முன்கண்ணாடியைத் துடைத்துவிட வேண்டும். மனைவி, அம்மா, பிள்ளை, யாராவது. சுற்றிலும் உழுத நிலம், எப்போதும் தூசி, அதனால் வந்த பழக்கமாக இருக்கும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கைதட்டுவார்கள். கடைசித் துடைப்பு இல்லாமல் யாரும் கிளம்பமாட்டார்கள். கீலிக்கு அதில் பெரிய நம்பிக்கை. ஒரு முறை எனக்குக் காய்ச்சல் என்று நான் போகாதபோது, என்ஜினை அணைத்துவிட்டு நான் வந்தால்தான் ஆச்சு என்று உட்கார்ந்துவிட்டாள்.

பந்தயத்தன்று ஊரே விதைப்பில் இருந்தது. டிராக்டர்கள் கிளப்பிய மண் மத்தியானத்திலிருந்தே காற்றில் நின்றது. கீலி முந்தைய பந்தயங்களில் ஜெயித்துவிட்டாள். கடைசி ஒன்றில் முதல் மூன்றில் வந்தால் கோப்பை அவளுக்கு.

எனக்கு வேண்டியதெல்லாம் அவள் கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும் என்பதுதான். கண் கூசினால் மெதுவாகப் போவாள், நாலாவதோ ஐந்தாவதோ வருவாள், கோப்பை போகும், கேலம் வேறு வேலியோரம் போய் நிற்பான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. முதலில் நான் நினைத்தது இவ்வளவுதான்.

பிறகு கேலம் வந்தான். எங்கள் இடத்துக்கே வந்து, தன் வண்டியிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்தான். அவன் குழுவினுடையது. நெஞ்சுப் பக்கம் கீலி நோஸ்கே என்று நூலால் தைத்திருந்தது. பந்தயம் இன்னும் ஓடவில்லை, பெயர் தைத்தாகிவிட்டது.

"ஜெயிச்சாத்தானே குடுக்கறதாச் சொன்னே?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சா சந்தோஷம். தோத்தாலும் இவள விடறதா இல்லைங்க" என்று சிரித்தான்.

கீலி என்னைப் பார்த்தாள். டாரில் டயரைப் பார்த்தார். எல்லாம் முன்பே பேசி முடித்த விஷயம் என்று அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஜாக்கெட் அவளுக்கு நன்றாக இருந்தது, கை நீளம் சரியாக இருந்தது. நான் அதைச் சொன்னேன்.

அதற்கு முந்தைய பந்தயத்தில் யாரோ தடத்தில் எண்ணெய் கொட்டிவிட்டார்கள். மணல் போட்டு, பெருக்கி, கடைசிப் பந்தயம் ரொம்பத் தாமதமாகிவிட்டது. நெவ் ஒவ்வொருவரிடமும் வந்து மன்னிப்புக் கேட்டார்.

"வெயில் தாழ்ந்துருச்சு ஏவ்ரில். சைலோ வளைவுல கண்ணுல குத்தும். பாப்பாகிட்ட சொல்லி வை."

"பரவால்ல நெவ். அவ பாத்துப்பா."

சொல்லி வைக்கவில்லை.

என் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வாளியில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தேன். அதை எடுக்கவில்லை. துணியை எடுத்தேன். போகிற வழியில் ஷூ நாடாவைக் கட்டுவதற்குக் குனிந்து, துணியைத் தரையில் வைத்தேன். கீழே விழுந்துவிட்டது என்று சொல்லலாம், ஆனால் வைத்தேன். மண் பட்ட பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்தேன்.

வண்டிகள் கிழக்குப் பார்த்து நின்றன, வெயில் முதுகுக்குப் பின்னால். உள்ளே கீலி பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணுக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாக, உள்ளங்கை முழுவதையும் வைத்து, ஒரே இடத்தில். லேசாக ஒரு சத்தம் வரும், என்ஜின் சத்தத்தில் அது கேட்கவில்லை. நான் துடைக்கிற போட்டோ ஒன்று கிளப் சுவரில் மாட்டியிருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவள் கண்ணடித்தாள், அதனால் சிரித்தேன். பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நிழலில் அவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

முதல் சில சுற்றுகளில் சூரியனை மேகம் மறைத்திருந்தது. கீலி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பிறகு மேகம் விலகியது. அதே சமயத்தில் நீல் ஹாட்டியின் வண்டி சைலோ வளைவில் சுழன்று, தடத்துக்குக் குறுக்கே என்ஜின் அணைந்து நின்றுவிட்டது. மெதுவாகப் போகச் சொல்கிற மஞ்சள் கொடியை ஆட்டினார்கள், இரண்டு இடத்தில். பின்னால் வந்த எல்லோரும் மெதுவானார்கள். கீலி ஒரு முழுச் சுற்று முடித்து அந்த நேர்சாலையில் வந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலைத் தூக்கவில்லை. கண் தெரியாவிட்டால் என்ன, வளைவு எங்கே என்று அவள் உடம்புக்குத் தெரியும். வழியில் ஒரு வண்டி நிற்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

நீல் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கீலியை ஐந்து வயதிலிருந்து ஏற்றிக்கொண்டு போனவர். ஹெலிகாப்டர் வருவதற்குள் போய்விட்டார். நல்ல மனிதர், எனக்கும் வருத்தம்தான். பேரீச்சம்பழக் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் மனைவி ஷெரில் வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "நீ சொன்னியேம்மா, கண்ணாடியே போடுங்கன்னு நீ சொன்னியே" என்று அழுதார். தட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கேட்பது முறையல்ல என்று விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீலின் வண்டியின் பானெட் பிய்ந்து கீலியின் முகத்துக்கு நேராக வந்தது. பாலிகார்பனேட் உள்ளே வளைந்தது, உடையவில்லை. கண்ணாடியாக இருந்திருந்தால் இன்று நீங்கள் இரண்டு மரணங்களை விசாரித்துக்கொண்டிருப்பீர்கள். டாரில் அதைப் போடச் சொன்னது சரி. அவரிடம் இதை நான் சொன்னதில்லை.

கீலிக்கு வலது பாதம் போயிற்று. மெல்பர்ன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது குளிர்காலம் ஆரம்பித்திருந்தது. நான் அவள் தலைக்கு ஊற்றிவிட்டேன். பெரியவளான பிறகு அவள் தலையை நான் தொட்டதே இல்லை. போர்வைக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து டீவியில் கேள்வி-பதில் நிகழ்ச்சி பார்ப்போம். பதில்களை எனக்கு முன்னால் சொல்லிவிட்டு என்னைக் கிண்டல் பண்ணுவாள். தூங்கும்போது அறைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வாள். போன் எங்கே கிடக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. நான்தான் எடுத்து வைத்திருந்தேன்.

சில நேரம் கேட்பாள்.

"கொடி ஆட்டினாங்களா மா?"

"ஆட்டினாங்க."

"நான் ஏன் பாக்கல?"

"வெயில், கீலி."

"மத்தவங்களுக்கும் அதே வெயில்தானே? எல்லாரும் பாத்திருக்காங்களே. நீல் மாமாவ நான்தானே..."

நான் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்துவேன். ஒரு நாள், "நீ பாக்கல, அவ்வளவுதான். யாருக்கும் வர்றதுதான்" என்று சொன்னேன். அப்படிச் சொன்ன பிறகு அவள் கொஞ்ச நாள் வெளியே வரவில்லை. யாரையும் பார்க்க விரும்பவில்லை. நான் கூடவே இருந்தேன். அவளுக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு குளிர்காலம் இருந்ததே இல்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். முன்தகட்டை ஷெட்டில் மேசை மேல் படுக்கவைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தீர்கள். வட்டம் வட்டமாக எல்லாம் எழுந்து வந்தது. ஓட்டுபவர் பக்கம் மட்டும், கண் உயரத்தில். நானும் பார்த்தேன். "இதை உலர்ந்த துணியால் துடைத்தது யார்?" என்று கேட்டீர்கள். டாரில் என்னை ஒரு முறை பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு, "நான்தான். காலையில அவசரத்துல கையில கெடச்சதால துடைச்சிட்டேன்" என்றார். நீங்கள் நம்பினீர்கள். அவர் கையைப் பார்த்தீர்கள்.

கீலி ஊன்றுகோலோடு ஷெட் வாசலில் நின்றிருந்தாள். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் போன பிறகுதான் உள்ளே வந்தாள்.

"ஒரு வாளித் தண்ணி எடுக்க முடியலையா ஒனக்கு?" என்று கேட்டாள், அப்பாவை. "ஒரு வாளிப்பா. ராத்திரியெல்லாம் நான் என்ன நெனச்சிட்டுப் படுத்திருந்தேன்னு தெரியுமா ஒனக்கு?"

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் போனைக் கேட்டாள். வேறு வழியில்லை, கொடுத்தேன். கேலம் பேசினான். ஓட்ட முடியாவிட்டால் என்ன, உட்கார்ந்த இடத்தில் வண்டியின் கணக்குகளைப் பார்த்துச் சொல்கிற வேலை இருக்கிறதாம், அவளைப்போல் தடத்தைப் படிக்கிறவர்கள் யாரும் இல்லையாம். அப்பா இருக்கிற வீட்டில் இருக்க முடியாது என்று என்னிடம் சொன்னாள். "ஒனக்காகத்தான் மா இத்தன நாள் இருந்தேன்" என்றாள். அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

டாரில் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்காதீர்கள். நானும் யோசித்துவிட்டேன். அவர் இப்போது ஷெட்டில்தான் படுக்கிறார். டீயையும் தானே போட்டுக்கொள்கிறார். நான் வைத்த சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நாய்க்குப் போடுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வருடம் என் கையால் சாப்பிட்ட மனிதர். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், அதில் எதுவும் கலக்கவில்லை, சாப்பாடு சாப்பாடுதான் என்று.

நீங்களும் டீயைத் தொடவில்லை. ஆறிவிட்டது. வேறு போடட்டுமா? சரி.

ஆக, விஷயம் இதுதான். யார் துடைத்தார்கள் என்று மட்டும் கேட்டீர்கள், எப்போது என்று கேட்கவில்லை, டாரில் காலையில் என்று சொன்னதை நம்பிவிட்டீர்கள். காலையில் நான் தண்ணீரால்தான் துடைத்தேன். கடைசித் துடைப்புதான் உலர்ந்த துணி. ஊரே பார்த்துக் கைதட்டியது. என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். தோற்றாலும் அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள் என்று தெரிந்த பிறகு, மெதுவாகப் போவாள், நாலாவது வருவாள் என்பதெல்லாம் பேச்சே இல்லை. அவள் மெதுவாகப் போகமாட்டாள். வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும், திரும்பிப் போகக்கூடாது, அவ்வளவுதான். எந்த அளவுக்கு அடிபடும் என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. அதில் நான் பொறுப்பில்லாமல் இருந்தேன் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். நீல் அங்கே நின்றது நான் எதிர்பார்க்காதது.

இழுப்பறைச் சத்தம் நின்றுவிட்டது. துணி வைத்து முடித்துவிட்டாள் போலிருக்கிறது. கேலம் வருவதற்கு முன் நீங்களே உள்ளே போய் அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அப்பாவைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாள், நீங்கள் அதிகாரி, நம்புவாள். அப்பா மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். கொடியை அவளால் பார்த்திருக்கவே முடியாது என்பதையும் சொல்லுங்கள், பாவம், அது தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவாள். நான் செய்தேன் என்று சொல்லும்போது எதற்காகச் செய்தேன் என்பதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். அதுதான் முக்கியம். அந்த ஜாக்கெட்காரனோ வேறு எவனோ அவளை இந்த அளவுக்கு வேண்டும் என்று நினைத்ததில்லை. இதைக் கேட்ட பிறகு அவள் எப்படிப் போவாள்?

வலதுபக்கம் இரண்டாவது கதவு. தட்டிவிட்டுப் போங்கள், தட்டாமல் நுழைந்தால் அவளுக்குப் பிடிக்காது. நான் அதற்குள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பேருக்கும் உருளைக்கிழங்கு உரித்து வைக்கிறேன்.